‘நலமாக உள்ளது’ என்று எழுதுவது எப்படி? காசினி விண்கலத்தின் வாராந்திர அறிக்கைகள்: ஒரு திறனாய்வு

‘காசினி’ என்றால் நம் அகராதியில் உலகம் என்று பொருள். சனிக்கோளுக்குப் போன விண்கலத்தின் பெயரும் காசினிதான். ஆனால் அது வானியலாளர் ஜியோவன்னி டொமெனிகோ காசினியின் நினைவாக இட்ட பெயர். 1997 அக்டோபர் 15-இல் புறப்பட்ட அக்கலம், 2004 ஜூலை 1-இல் சனியின் சுற்றுப்பாதையை அடைந்தது. இடையில் ஏறக்குறைய ஆறே முக்கால் ஆண்டுப் பயணம். அந்தக் காலத்தில், கலத்தை இயக்கிய கலிபோர்னியாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் வாராந்திர அறிக்கைகளை வெளியிட்டு வந்தது. தேர்வுக்கு அறிக்கை எழுதப் பழகும் மாணவர்களுக்கு இவை நல்ல மாதிரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். கலத்திலிருந்து கடைசியாகத் தகவல் வந்தது எந்த நாளில், எந்த நிலையத்தில் என்று அறிக்கை தொடங்கும். கலம் நல்ல நிலையில் இயங்குகிறது என்று அடுத்த வரி சொல்லும். பிறகு அந்த வார வேலைகள்: பதிவுக் கருவியின் பராமரிப்பு, அறிவியல் கருவிகளின் சோதனை, அடுத்த சில வாரங்களுக்கான கட்டளைத் தொகுப்பின் சரிபார்ப்பு. அவ்வளவுதான். அடுத்த வாரமும் ஏறக்குறைய இதே கதைதான். “சார், இதுல என்ன இருக்கு? ஒரே போர்!” என்று மாணவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்தத் தொடக்கத்தை மறுபடி படியுங்கள். ‘நலமாக உள்ளது’ என்ற முடிவுக்கு முன்பே அதற்கான சான்று வந்துவிடுகிறது. நம் பள்ளிக் கழகங்களின் ஆண்டறிக்கைகளில் ‘நிகழ்ச்சி இனிதே நடந்தேறியது’ என்று எழுதுகிறோம். யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது? தெரியாது. நிகழ்ச்சி சொதப்பியிருந்தாலும் அதே வாக்கியம்தான் வந்திருக்கும். எந்த நிலைக்கும் பொருந்தும் வாக்கியம் எதையும் தெரிவிப்பதில்லை. காசினி அறிக்கையின் முதல் பலம் இங்கேதான்.

இரண்டாவது பலம், சாதாரண வேலையைச் சாதாரணம் என்று ஒதுக்காதது. அதன் அருமை 2000 பிப்ரவரியில் தெரிந்தது. காசினி சுமந்து சென்ற ஹைகன்ஸ் என்ற ஐரோப்பியக் கலம், சனியின் துணைக்கோளான டைட்டனில் இறங்க வேண்டும். அது அனுப்பும் தகவலைக் காசினி வாங்கிப் பூமிக்கு அனுப்ப வேண்டும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனப் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ் வற்புறுத்தியதால், ஹைகன்ஸ் அனுப்புவது போன்ற குறிகைகளைப் பூமியிலிருந்தே காசினிக்கு அனுப்பிச் சோதித்தார்கள். ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது அதன் ஒலி மாறுகிறதல்லவா? வேகத்தால் வானொலி அலையிலும் அதே மாற்றம் வரும். அந்த மாற்றத்தையும் சேர்த்து அனுப்பியபோது, காசினியின் வாங்கியில் தகவல் குழம்பிப்போனது.

வாங்கியைப் போய்ப் பழுதுபார்க்க முடியாது. ஆகவே பாதையையே மாற்றினார்கள். ஏறத்தாழ 1,200 கி.மீ. தொலைவில் டைட்டனைக் கடக்க வேண்டிய காசினி, 60,000 கி.மீ. தள்ளிக் கடக்கும்படி திட்டம் திருத்தப்பட்டது. 2005 ஜனவரி 14-இல் ஹைகன்ஸ் இறங்கியது, தகவலும் வந்தது. அன்றும் ஒரு குறை: இரண்டு வாங்கிகளில் ஒன்றை இயக்கும் கட்டளை பட்டியலில் விடுபட்டதால், எதிர்பார்த்த சுமார் 700 படங்களில் பாதிதான் கிடைத்தது. ஒரு சோதனை பயணத்தைக் காப்பாற்றியது. விடுபட்ட ஒரு கட்டளை பாதிப் படங்களைக் கொண்டுபோய்விட்டது. சலிப்பூட்டும் பட்டியலின் மதிப்பு இதுதான்.

இனி குறைகள். சுருக்கப் பெயர்கள் மலிந்த நடை. வெளியாள் படித்தால் தலை சுற்றும். ஆள்பெயர்கள் அரிது. ஸ்மெட்ஸ் போல ஒருவர் ‘சோதித்தே ஆகவேண்டும்’ என்று வாதாடுவதற்கு இந்த நடையில் இடமே இல்லை. இன்னொன்று, எல்லா வேலைகளுக்கும் ஒரே குரல். எது வழக்கமானது, எது பயணத்தின் உயிர்நாடி என்பதை வாசகரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். உடன் பணிபுரியும் பொறியாளருக்கு அது போதும். பொதுமக்களுக்கு வெளியிடும் அறிக்கைக்குப் போதாது. ‘ஏன்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நடையின் நிதானம் கெட்டிருக்காது.

ஆகவே மாணவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். சான்றை முன்வைக்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘வாசிப்பு வாரம் வெற்றிகரமாக நடைபெற்றது’ என்பதற்குப் பதிலாக, ‘ஐந்து நாளில் 84 மாணவர்கள் நூல் இரவல் பெற்றதை நூலகப் பதிவேடு காட்டுகிறது, சென்ற ஆண்டைவிட 30 பேர் அதிகம்’ என்று எழுதிப் பாருங்கள். எண்கள் கற்பனைதான், முறை கற்பனையன்று. முதல் பகுதி காசினி கற்றுத் தருவது. இரண்டாம் பகுதி, காசினி அறிக்கை எழுதத் தவறியது.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி: மாணவர்களின் பழைய அறிக்கை ஒன்றை எடுத்து, எந்த நிகழ்ச்சிக்கும் பொருந்தக்கூடிய வாக்கியங்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். எஞ்சியிருப்பதுதான் உண்மையான அறிக்கை.