டாலெக், ஸ்காரோ, இடமிருந்து வலம்

குறுக்கெழுத்துக்காகவே பிறந்த தொலைக்காட்சித் தொடர் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு ‘டாக்டர் ஹூ’ என்பேன். 1982இல் டார்கெட் வெளியீடாக வந்த நைஜல் ராபின்சனின் ‘டாக்டர் ஹூ க்ராஸ்வேர்ட் புக்’ அந்த எண்ணத்தை எனக்குள் ஆணியடித்து இறக்கிவிட்டது. பிற்பாடு இதே தொடரின் கதைகளை டார்கெட்டுக்காக நாவல்களாக்கியவர் அவர். ஊறித் திளைத்த ஒருவர் போட்ட கட்டங்கள்! பென்சிலை எடுத்தால் கீழே வைக்க மனம் வருவதில்லை.

மற்ற குறுக்கெழுத்துகளில் அகராதி அறிவு கைகொடுக்கும். இங்கே அது செல்லாது. ஸார்பி, ஸைகன், ஸான்டாரன், காலிஃப்ரே... எந்த அகராதியில் தேடுவது? பிரிட்டிஷ் பாணிக் கட்டத்தில் ஒரு சொல்லின் ஏறக்குறைய பாதி எழுத்துகள்தான் குறுக்குச் சொற்களிலிருந்து கிடைக்கும். ஐந்தெழுத்து விடையில் இரண்டாவது ‘ஏ’, நான்காவது ‘பி’ என்று மட்டும் தெரிகிறது என்று வையுங்கள். முதலெழுத்து ‘இஸட்’ என்று எப்படித் தோன்றும்? 1965இல் ‘தி வெப் பிளானட்’ கதையில் வந்த ஸார்பி என்ற அந்த ராட்சத எறும்புகள் மனத்திரையில் ஊர்ந்தால்தான் தோன்றும். தோன்றியதும் வரும் மகிழ்ச்சி இருக்கிறதே, அடடா!

வினாடி வினாவில் தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் அதோடு சரி. குறுக்கெழுத்து அப்படிக் கைவிடாது. மறந்தே போன பெயரையும் ஓர் எழுத்தைக் கயிறாகப் போட்டு மேலே இழுத்துவிடும். அதைவிட இனிமை, இந்த உலகத்தின் உறவுகள் கட்டத்திலும் பொருந்தி வருவது. டாலெக் என்னும் எதிரி இனத்துக்கும் அதைப் படைத்த டேவ்ரோஸுக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றே. டாலெக்கின் கடைசி ‘கே’ வழியாக அவற்றின் கிரகமான ஸ்காரோவைக் குறுக்கே ஓட்டிவிடலாம். கட்டம் போடுகிறவருக்கு வேறென்ன வரம் வேண்டும்?

புத்தகம் வந்த காலத்தையும் நினைத்துப் பாருங்கள். இந்தத் தொடரின் முதல் வீடியோ கேசட்டை பிபிசி 1983இல்தான் விற்பனைக்கு விட்டது. 1960களின் பல அத்தியாயங்களின் நாடாக்களை அதற்கு முன்பே அழித்தும்விட்டார்கள். ஆகவே அன்றைய பிள்ளைகளுக்குத் துணை, எப்போதோ பார்த்த நினைவும் டார்கெட் நாவல்களும்தான். கேசட்டை ஓடவிட்டு விடையைச் சரிபார்க்க வழியே இல்லை. அப்படி ஒரு வாசகரை நம்பிப் போட்ட கட்டங்கள் என்பதாலேயே எனக்கு இவற்றின்மேல் தனி மரியாதை. நானும் இணையத்தைத் தொடாமல்தான் போடுகிறேன். நீங்களும் அப்படியே போடுங்கள், சுகமே தனி.

சரி, ‘குறுக்கெழுத்துக்காகவே பிறந்த தொடர்’ என்றேனே, அதற்கு வருகிறேன். இந்தத் தொடரை எடுத்தவர்களுக்கே எழுத்துகளைக் கலைத்து விளையாடும் பித்து உண்டு! தொடரின் நாயகன் டாக்டரின் இளம் தோழன் ஆட்ரிக்கின் பெயர், இயற்பியல் மேதை டிராக்கின் பெயரைக் கலைத்து உருவானது. 1982 ஜனவரியில் ‘காஸ்ட்ரோவால்வா’ கதை ஒளிபரப்பானபோது நடிகர் பட்டியலில் ‘நீல் டாய்னே’ என்றொரு பெயர். யாரென்று பார்த்தால், வில்லன் மாஸ்டராக நடித்த டோனி எய்ன்லியின் எழுத்துகளே இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. மாஸ்டர் மாறுவேடத்தில் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாதாம்! அதே ஆண்டு மார்ச்சில் ‘டைம்-ஃப்ளைட்’ கதைக்கு ‘லியோன் நை டாய்’ என்று இன்னொரு கலைப்பு. அந்த ஆண்டிலேயே குறுக்கெழுத்துப் புத்தகமும் வந்ததை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது.

2005இல் தொடர் மீண்டு வந்தபோதும் பித்து தணியவில்லை. நாடாக்கள் திருடுபோகாமலிருக்க, ‘டாக்டர் ஹூ’ என்பதன் எழுத்துகளைக் கலைத்து ‘டார்ச்வுட்’ என்று அவற்றின்மேல் எழுதினார்கள். மறு ஆண்டே அந்தப் பெயரில் தனித் தொடரே பிறந்துவிட்டது!

யாராவது இந்தப் புத்தகத்துக்குப் புதுப் பதிப்பு கொண்டுவர மாட்டார்களா? 1982ஓடு நின்ற கட்டங்களுக்கு அதற்குப் பிறகு எத்தனை தீனி சேர்ந்துவிட்டது! ரிவர் சாங் என்ற கதாபாத்திரம் ஒன்று போதாதா? அவளுடைய இயற்பெயர் மெலடி பாண்ட். மெலடி பாட்டாகி, குளம் ஆறாகி, முன்பின் மாறிய பெயர் அது. கதாசிரியரே குறிப்பையும் விடையையும் எழுதிக் கொடுத்துவிட்டார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட ஓர் ஆள்தான் வேண்டும்.