லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் குறும்படக் காலம்: ஒரு சமூகவியல் நோக்கு

சிங்களத் திரைப்படத்தின் வரலாற்றை எழுதுவோர் 1956ஆம் ஆண்டை ஓர் எல்லைக்கல்லாகக் கொள்வது வழக்கம். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த ‘ரேகாவ’வின் சிறப்பை நாமும் மறுக்கவில்லை. ஆயின், அதனை ஒரு மேதையின் உள்ளொளியிலிருந்து திடீரெனத் தோன்றிய படைப்பாக விளக்கும் விமர்சன மரபு எமக்கு உடன்பாடானதன்று. அதற்கு முந்திய ஏழு ஆண்டுகளும் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் (1919–2018) குறும்படங்களிலேயே தொழில் பயின்றார். அப்படங்களுக்குப் பணம் தந்தவர் யார், அப்பணம் எதனைக் காட்டவும் எதனைக் காட்டாமல் விடவும் வழிசெய்தது என்பனவே இங்கு எமது வினாக்கள். யாரோ ஒருவர் வகுத்த தலைப்புக்கு, யாரோ ஒருவரின் நிதியில் குறும்படம் எடுக்க முனையும் நம் இளைஞர்க்கும் இவை புறம்பானவையல்ல.

ஆங்கிலக் கல்வியும் வசதியும் பெற்ற கத்தோலிக்க மருத்துவர் ஒருவரின் குடும்பத்திலே பிறந்த பீரிஸ், 1947இல் ஓவியரான தம் தம்பி ஐவனுடன் இலண்டன் சென்றார். பத்திரிகைத் தொழில் சோறிட்டது. ஓய்வு நேரமே படமாயிற்று. ‘சொலிலொக்குவி’ (1949), ‘பெயர்வெல் ரு சைல்ட்ஹூட்’ (1950) ஆகியன அவ்வாறு பிறந்தவை. தனிமொழி, பிள்ளைப்பருவத்துக்கு விடை என்னும் அத்தலைப்புகளே அவை யாருடன் பேசின என்பதைச் சொல்லிவிடுகின்றன. இத்தகைய பயில்முறைப் படத்தை எடுக்குமாறு எவரும் பணிப்பதில்லை. எதிர்பார்த்துக் காத்திருப்போரும் இல்லை. அச்சுதந்திரம் மெய்யானதே. ஆனால் அது ஓய்வை விலைகொடுத்து வாங்க முடிந்த வர்க்கத்தின் சுதந்திரம்.

பிரித்தானிய விவரணப்பட நெறியாளர் றால்ப் கீனின் தூண்டுதலால் 1952இல் நாடு திரும்பிய பீரிஸ், அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் சேர்ந்தார். இப்பிரிவு 1948இல் தோன்றியது. மலையகத் தமிழ்த் தொழிலாளரின் பிரசாவுரிமையைப் பறித்த சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலேயே. புதிய அரசு தன் குடிகள் யார் என வரையறுத்துக்கொண்டிருந்த வேளையிலேயே தன்னைப் படம்பிடிக்கும் கருவியையும் அமைத்துக்கொண்டது. அக்கருவிக்கு ஒரு மரபும் இருந்தது. பசில் றைற்றின் ‘சோங் ஒவ் சிலோன்’ (1934) தேயிலைப் பிரசாரச் சபையின் பணத்தில் உருவானது. நான்கு சிறு பயணப் படங்களாகக் கேட்கப்பட்டது, கவித்துவம் மிக்க ஒரே படமாக வெளிவந்தது. அழகுணர்வில் அதனை விஞ்சிய விவரணப் படங்கள் சிலவே. எனினும் தேயிலை பறித்தவளின் கூலியும் லயன் அறையும் அப்படத்தின் பொருளாகவில்லை.

பீரிஸின் ‘கொங்குவெஸ்ட் இன் த ட்றை சோன்’ (1954) உலர்வலயத்தில் மலேரியா வெல்லப்பட்டதைப் பொருளாகக் கொண்டது. வெற்றி பொய்யன்று. 1934–35ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயிற் பல்லாயிரவர் மாண்டபோது கேகாலைக் கிராமங்களில் மருந்தும் உணவும் சுமந்து சென்றோர் சூரியமல் இயக்கத்து இடதுசாரிகள். நோயின் வேர் வறுமையிலும் பட்டினியிலும் உள்ளதென அவர்கள் வற்புறுத்தினர். 1946இல் தொடங்கிய டி.டி.ரி. தெளிப்பு நோயை அடக்கியது, வறுமை நிலைத்தது. நுளம்பு அகன்ற நிலத்தில் அரசு குடியேற்றங்களை விரைவுபடுத்தியது. அவற்றுள் ஒன்றான கல்லோயாவில், 1956 ஜூனில் தமிழர் கொல்லப்பட்டனர். இரண்டு ஆண்டுகளின் பின் நிகழவிருந்ததை முன்னறியவில்லையென ஒரு நெறியாளரைக் குற்றஞ்சாட்டுதல் அபத்தம். ஆயினும் நோய், அரசு, தீர்வு என்ற மூன்றே படிகளிற் செல்லும் அரச விவரணப் படத்தின் கட்டமைப்பில், நிலம் யாருக்கு என்ற கேள்வி எழுவதற்கு இடமேயில்லை.

இத்தோடு நிறுத்திக்கொள்வது இயந்திரரீதியான முடிவாகும். குரலை எடுத்துக்கொண்ட அதே நிறுவனம் கைகளைத் தந்தது. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொறொந்துவ’ தென்னிந்தியக் கலையகத்தில் உருவானது. அதன்பின் நெடுநாள் சிங்களப் படம் அக்கலையகச் சுவர்களுக்குள்ளேயே, அங்குள்ள மாதிரிகளைப் பின்பற்றியே ஆக்கப்பட்டது. திரைப்படப் பிரிவினரோ சிறு குழுவாக வெயிலிலும் சேற்றிலும் கமெராவைத் தூக்கிச் சென்றனர். அந்த உழைப்பு முறையைக் கற்ற மூவர், பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் ரைற்றஸ் தொட்டவத்த, 1955இல் ஒருங்கே பதவி துறந்தனர். ‘ரேகாவ’ கலையகத்துக்கு வெளியே கிராமத்தில் எடுக்கப்பட்டதைத் துணிவு என்பர். துணிவு மட்டுமன்று, பழகிய கை.

உள்ளடக்கமும் மாறியது. அங்கே தொடுகையால் நோய் தீர்ப்பவனென ஒரு சிறுவன் நம்பப்படுகிறான். தந்தையும் வட்டிக்குக் கொடுப்பவனும் அந்நம்பிக்கையைக் காசாக்குகின்றனர். வரட்சி வந்ததும் ஊர் சிறுவன்மீது பாய்கிறது. மருந்து தெளித்து முடிக்கக்கூடிய நோயல்ல இது. அரசுப் பணத்தில் நுழைய முடியாத வட்டிக்காரன், அரசை விட்டு வெளியேறியதும் திரைக்குள் வந்துவிடுகிறான்.

‘ரேகாவ’ கானில் 1957இல் காட்டப்பட்டது. இங்கு வசூலில் தோற்றது. அடுத்த படமான ‘சந்தேசய’வுக்கு (1960) முதலிட்டவர் கே. குணரத்தினம் என்னும் தமிழ் முதலாளி. போர்த்துக்கேயருக்கு எதிரான வீரக் கதை, ஓடியது. ‘கம்பெரலிய’வுக்கு (1963) முன்னதாக, 1961இல், பீரிஸ் மீண்டும் ஒரு குறும்படத்துக்குத் திரும்பினார். ‘ரூ மெனி, ரூ சூன்’ என்பது அதன் பெயர். பொருள், குடும்பக் கட்டுப்பாடு.