மேலே கட்டினால் மலை தப்புமா?

மலேசியாவின் கேமரன் மலையில் எழும் ஒவ்வோர் அடுக்குமாடிக்கும் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான்: பக்கவாட்டில் இடமில்லை, அதனால் மேலே போகிறோம். எடுத்த எடுப்பில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. மாவட்டத்தின் பரப்பு 712 சதுர கிலோமீட்டர். கேட்பதற்குப் பெரிதாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி காடும் செங்குத்துச் சரிவும்தான். குடியிருக்கத் தோதான நிலம் ரிங்லெட்டில் தொடங்கி தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா ஃபார்ம், திரிங்காப், கோலா தெர்லா வழியாகக் கம்போங் ராஜா வரை, ஒரே சாலையை ஒட்டித் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஊர்க்காரர்கள் சுமார் 40 ஆயிரம் பேர். பள்ளி விடுமுறை வந்தால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. தாப்பாவிலிருந்து ஏறும் வாகன வரிசையைப் பார்த்தாலே தெரியும்.

இத்தனை பேரையும் எங்கே தங்க வைப்பது? 1925-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் இந்த மேட்டுநிலத்தைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரர்களின் குளுகுளு ஊராக்கலாம் என்று முனைந்தார். 1931-இல் தாப்பா சாலை முடிந்தது. அதன் பிறகு வந்தது பங்களாக் கலாச்சாரம்: குன்றுக்கொரு பங்களா, பங்களாவுக்கொரு தனிப்பாதை, அதைச் சுற்றிப் புல்வெளி. இன்று அவற்றைப் படமெடுத்து 'பழைய கேமரன் எவ்வளவு அழகு' என்று பெருமூச்சு விடுகிறோம். ஆனால் தலைக்கு எவ்வளவு மலை என்று கணக்குப் போட்டால், அந்தப் பங்களாக்களைப் போல் நிலத்தைத் தின்றது வேறெதுவும் இல்லை. இருநூறு அறைகளைத் தனித்தனி வீடுகளாகக் கட்டினால் ஒரு குன்றே போய்விடும். ஒரே கட்டடமாகக் கட்டினால் ஒரு மேடை போதும். அடுக்குமாடியின் முதல் பலம் இதுதான். அதை மறுப்பவர்கள் மாற்றுக் கணக்கைக் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டு மலைகள் எதிர்வழியில் போயின. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உயரத்துக்குத்தான் கட்டுப்பாடு. கொடைக்கானலில் விதிமீறி ஏழு மாடி எழுப்பிய பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கு ஒரு முன்னாள் முதல்வருக்குத் தண்டனை விதிக்கும் அளவுக்குப் போனது. அது 2000 பிப்ரவரியில். அடுத்த ஆண்டே மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். ஆக, உயரம் அங்கே பெரிய அரசியல் விவகாரம். ஆனால் ஊட்டியின் பள்ளத்தாக்குகளைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உயராத கட்டடங்கள் படர்ந்தன. சரிவு சரிவாக ஓடும் தகரமும் கான்கிரீட்டுமாக மலை நிரம்பியது. உயரத்துக்கு மட்டும் தடை போட்டால் மலை காப்பாற்றப்பட்டுவிடும் என்று நம்ப எனக்குத் தயக்கம் இருக்கிறது.

கீழே கடை, மேலே வீடு என்ற கலப்புப் பயன்பாட்டையும் ஏதோ புதுக் கண்டுபிடிப்புப் போல் விளம்பரத் தாள்கள் பேசுகின்றன. பிரிஞ்சாங், தானா ராத்தா கடைவீடுகள் அதைத்தானே பல்லாண்டுகளாகச் செய்தன? மளிகைக்காரர் கடைக்கு மேலேயே குடியிருந்தார். இரவு கடை அடைத்தபின் தெருவுக்கு வேறு காவல் தேவைப்படவில்லை. பிரிஞ்சாங்கின் எமரால்டு அவென்யூ போன்ற கடை–அடுக்குமாடி வரிசைகள் அதன் வளர்ந்த வடிவம். நடந்தே சாமான் வாங்கலாம், நடந்தே பேருந்து பிடிக்கலாம். கார் இல்லாத முதியவருக்கு இது சிறிய வசதி அல்ல. தேயிலைத் தோட்டத்து லயங்களும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒருவகையில் இப்படித்தான் இருந்தன: வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி, பிள்ளைக் கொட்டகை, கடை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் எல்லாம் கூப்பிடு தூரத்தில். அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. வேலை போனால் கூரையும் போகும்.

இனி குறைகளுக்கு வருவோம். முதல் குறை கட்டடத்தில் இல்லை, அது நிற்கும் மேடையில் இருக்கிறது. சரிவில் ஒரு பத்து மாடியை நிறுத்த வேண்டுமானால் மேற்புறம் மண்ணை வெட்டி, கீழ்ப்புறம் கொட்டிச் சமன் செய்ய வேண்டும். வெட்டிய முகத்துக்குத் தாங்குசுவர், கொட்டிய மண்ணுக்கு இன்னொரு தாங்குசுவர், இரண்டுக்கும் வடிகால். 25 பாகையைத் தாண்டிய சரிவை மூன்றாம் வகை என்றும், 35-ஐத் தாண்டியதை நான்காம் வகை என்றும் மலேசிய வழிகாட்டி நெறிகள் பிரிக்கின்றன. மேலே போகப் போகக் கெடுபிடி கூடும். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

தாங்குசுவரில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் பிவிசி குழாய்களை கேமரனுக்குப் போகும் யாரும் கவனித்திருக்கலாம். மலைக்குள் ஊறும் நீர் சுவரின் முதுகை அழுத்தாமல் வெளியேறுவதற்கு வைத்த கசிவுத் துளைகள் அவை. மழை பெய்த மறுநாள் அவற்றில் தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். பக்கத்துச் சுவரெல்லாம் ஈரமாக இருக்க, ஒரு சுவரில் மட்டும் ஒன்றுமே வராமல் குழாய்க்குள் புல் முளைத்திருந்தால், அதுதான் பயப்பட வேண்டிய சுவர். நீர் உள்ளே தேங்குகிறது. இதைப் பார்க்கப் பொறியாளர் பட்டம் தேவையில்லை. மாதம் ஒருமுறை ஒருவர் நடந்து பார்த்து, வாய்க்காலில் விழுந்த இலையை அள்ளி, அடைத்த குழாயைக் குத்திவிட்டால் போதும். அந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பதில்தான் சிக்கல்.

அந்த வேலை நடக்காவிட்டால் என்ன ஆகும்? உலு கிளாங்கின் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் 1993 டிசம்பர் 11 அன்று சாய்ந்து 48 பேரைக் கொன்றது. அந்த 12 மாடிக் கட்டடத்தின் பின்னால் இருந்த மலை வேறொருவரின் நிலம். மேலிருந்து வந்த ஓடையைத் திருப்பிக் குழாயில் விட்டிருந்தார்கள், வடிகால்கள் பராமரிக்கப்படவில்லை, பல நாள் மழைக்குப்பின் மண் இறங்கிவிட்டது. 2000-இல் உயர் நீதிமன்றம் உள்ளூராட்சி மன்றத்தின் பங்கை 15 விழுக்காடு என்று வகுத்தது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றமோ 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95-ஆம் பிரிவைக் காட்டி மன்றத்தை முற்றாக விடுவித்தது. அனுமதி கொடுப்பவருக்கும் மேற்பார்வை செய்பவருக்கும் சட்டக் கவசம் இருக்கிறது. மலைச் சரிவில் வீடு வாங்கும் எவரும் விற்பனைத் தாளில் உள்ள நீச்சல் குளப் படத்துக்கு முன் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும் என்பேன்.

அப்படியானால் பராமரிப்பு யார் தலையில்? உரிமையாளர்கள் தலையில்தான். 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி மேம்பாட்டாளர் ஒதுங்கியபின் கூட்டு நிர்வாகக் குழு பொறுப்பேற்கும். மாதப் பராமரிப்புக் கட்டணம் வசூலாகும்; அதில் பத்து விழுக்காட்டுக்குச் சமமான தொகை பெரிய பழுதுகளுக்கான சேமநிதிக்குப் போகும். கோலாலம்பூரின் சமதளத்தில் இந்த ஏற்பாடே தள்ளாடுகிறது. பாக்கி வைப்பவர்களின் பெயர்ப்பட்டியல் மின்தூக்கிக்குப் பக்கத்தில் தொங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கேமரனில் நிலைமை இன்னும் மோசமாகத்தான் ஆகும். காரணம், வாங்கியவர்களில் பலர் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். ஆண்டுக்குச் சில வாரங்கள் வருவார்கள்; மற்ற நாட்களில் வாடகைச் செயலியில் வீடு ஓடும். வருபவருக்குத் தேவை சுடுநீரும் காட்சியும். வீட்டுக்காரரின் கவலை இந்த மாத வாடகை. மின்தூக்கி நின்றால் அன்றே புகார் வரும். தாங்குசுவர் குழாய் அடைத்தால் யார் புகார் செய்வார்? சமதளத்து அடுக்குமாடியில் பராமரிப்பு தவறினால் வண்ணம் உரியும், கூரை ஒழுகும். மலையில் தவறினால் அதன் விலை வேறு. இரண்டுக்கும் ஒரே சட்டம், ஒரே பத்து விழுக்காடு என்பது இந்த முறையின் ஆகப் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். மாடிகளின் எண்ணிக்கையைப் பற்றி நடக்கும் சண்டையில் இதை யாரும் எழுப்புவதில்லை.

நியாயமாகப் பேசினால், கேமரனின் சேற்றுக்கெல்லாம் அடுக்குமாடியைக் குற்றஞ்சாட்ட முடியாது. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைப் பறித்தது. 2014 நவம்பரில் மீண்டும் சேற்று வெள்ளம். ரிங்லெட் நீர்த்தேக்கத்தை மேடாக்கிய வண்டலின் பெரும்பங்கு, காட்டை வெட்டிப் போட்ட காய்கறித் தோட்டங்களிலிருந்தும் அவற்றின் பிளாஸ்டிக் கூடாரங்களிலிருந்தும் வந்தது. மழை அந்தக் கூரைகளில் விழுந்து ஒரு நொடிகூட மண்ணில் ஊறாமல் ஓடும். அப்போது தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் நாட்டின் இயற்கை வள, சுற்றுச்சூழல் அமைச்சரும் ஒருவரே: ஜி. பழனிவேல். அதனால் என்ன பயன்? நிலம் மாநில அதிகாரம். கோலாலம்பூர் அமைச்சர் அறிக்கை விடலாம். நில அலுவலகத்தின் கோப்பைத் தொட முடியாது.

இந்த இடத்தில் தேயிலையைப் பற்றி ஒரு வார்த்தை. 1929-இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய 'போ'வும், 1933-இலிருந்து இருக்கும் பாரத் தேயிலையும் பெரும் பரப்பை ஒரே பயிருக்குக் கட்டிப் போட்டன. செங்குத்துச் சரிவிலும் அந்தப் புதர்கள் ஆண்டு முழுவதும் மண்ணை மூடி வேரால் பிடித்து வைக்கின்றன. எந்த நகரத் திட்டத்தையும்விடக் கேமரனின் நிலப் பயன்பாட்டை உறுதியாகக் காத்தது தேயிலைதான். வந்து போகிறவர் சாளரத்தில் பார்க்கும் பச்சைக் காட்சியும் அதுதான். அறை வாடகையில் ஒரு பங்கு அந்தக் காட்சிக்கே. தோட்டங்களுக்கு அதில் ஒரு சென்னும் வருவதில்லை, கொழுந்து கிள்ளியவர்களுக்கு நிச்சயமாக வருவதில்லை. 'போ' நிறுவனமே சுங்கை பாலாஸில் எழுப்பிய பார்வையாளர் மையம் வேறு மாதிரி யோசித்தது. மலையைச் சமப்படுத்தாமல், மேடையைச் சரிவுக்கு வெளியே அந்தரத்தில் நீட்டினார்கள். ஒரு தேநீர்க் கடைக்குச் சாத்தியமானது முன்னூறு அறைகளுக்குச் சாத்தியமா என்று கேட்பீர்கள். நேராகச் சாத்தியமில்லைதான். ஆனால் சரிவை மாற்றாமல் கட்டடத்தை மாற்றலாம் என்ற எண்ணமே நம் மேம்பாட்டாளர்களின் வரைபடங்களில் காணவில்லை.

கடைசியாக, யாருக்காகக் கட்டுகிறோம் என்ற கேள்வி. தோட்டத் தமிழர்களின் மூன்றாம் நான்காம் தலைமுறை இன்று பெரும்பாலும் கொழுந்து கிள்ளுவதில்லை. அந்த வேலைக்கு வங்காளதேசிகளும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் வந்துவிட்டார்கள். நம்மவர்கள் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார்கள், ஓட்டல் சமையலறையில் நிற்கிறார்கள், காய்கறி ஏற்றுகிறார்கள், சிலர் சொந்தத் தோட்டமும் வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெறுகிறவர் லயத்தைக் காலி செய்ய வேண்டும். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் வேலை செய்யும் காலத்து வீட்டின் தரத்தைத்தான் பேசுகிறது. வேலைக்குப் பிந்திய வீடு அதன் கவலை அல்ல. முப்பது நாற்பது ஆண்டு மலையில் இருந்தவர் தாப்பாவுக்கோ பீடோருக்கோ இறங்கி, வெக்கையில் மகன் வீட்டில் ஒண்டுவது பழகிப்போன கதை. அடுக்குமாடி உண்மையிலேயே நிலத்தை மிச்சப்படுத்தும் வழியென்றால், இவர்களுக்கல்லவா அது முதலில் எழுந்திருக்க வேண்டும்? எழுவதோ பெரும்பாலும் வணிக நிலத்தில் சர்வீஸ் அபார்ட்மெண்ட். வரியும் பயன்பாட்டுக் கட்டணங்களும் பெரும்பாலும் சாதாரண வீட்டைவிட அதிகம். குடும்பம் நடத்த அதை வாங்குவது ஜீப் ஓட்டுநருக்குக் கட்டுப்படியாகாது. ஆக, மேலே போனதால் மிச்சமான நிலம் என்று ஒன்று கிடையாது. ஊர்க்காரரின் வீட்டுத்தேவை அப்படியே இருக்க, அதன் மேல் விடுமுறைக்காரரின் வீடு கூடுதலாக ஏறியிருக்கிறது. முதலில் சொன்ன 'ஒரு மேடை போதும்' கணக்கு இங்கேதான் உடைகிறது. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று வந்தால்தான் அது சிக்கனம்.

எனவே மாடிக்கு எதிராகக் கொடி பிடிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் அனுமதிக் கடிதத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தாக வேண்டும். சரிவு, சுவர், வடிகால் ஆகியவற்றின் பராமரிப்புக்குச் சேமநிதிக்கு அப்பால் தனியாக ஒரு வைப்புத்தொகை. அதை மேம்பாட்டாளரே முன்பணமாக மாவட்ட மன்றத்திடம் கட்ட வேண்டும், வீட்டுக்காரர் பாக்கி வைத்தாலும் அது குறையக் கூடாது. ஆண்டுதோறும் வெளிப் பொறியாளரின் சரிவு அறிக்கை. அதை வாங்குபவரும் கீழே வசிக்கும் ஓராங் அஸ்லி பழங்குடிக் கிராமத்தாரும் கேட்டால் காட்ட வேண்டும். 2011 ஆகஸ்டில் சுங்கை ரூயிலில் மண்ணுக்கடியில் போன 7 பேரும் கீழே இருந்தவர்கள்தானே. மூன்றாவது, ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு பகுதி மாவட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெறுபவருக்குக் குடியிருப்பு நிலத் தகுதியோடும் குடியிருப்புக் கட்டணத்தோடும் விற்கப்பட வேண்டும், மறுவிற்பனையும் அவர்களுக்குள்ளேயே. இவற்றை ஏற்றால் கட்டுப்படியாகாது என்று மேம்பாட்டாளர் கை விரித்தால், அந்தத் திட்டத்தின் லாபம் இதுவரை எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்பது அவர் வாயாலேயே வெளிவந்துவிடும்.