பிறனும் அயலும்: நம் பள்ளிகள் பெற்ற விலக்கைக் குறித்து

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாயை ஒட்டியிருந்த கோவிந்தசாமி நகர்க் குடியிருப்புகள், உச்ச நீதிமன்ற ஆணையின் பேரில், 2022ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியிலும் மே முதல் வாரத்திலும் இடிக்கப்பட்டன. அதே வாரத்தில், மே 5, 6ஆம் நாட்களில், பொதுத்தேர்வுகள் தொடங்கின. மே 8இல் அங்கு வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து மாண்டார். மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளிலேயே மாற்று வீடுகள் தரப்படும் என்று மறுநாள் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். தொலைவில் வீடு கிடைப்பின் தொழிலும் பிள்ளைகளின் பள்ளியும் கைவிட்டுப்போகும் என்பதே அம்மக்களின் அச்சம்.

இதே ராஜா அண்ணாமலைபுரம் கட்டணம் மிகுந்த பள்ளிகளுக்கும் பெயர் பெற்றது. கால்வாய்க் கரையிலிருந்து அவற்றின் வாயிலுக்கு நடந்தே செல்லலாம். உள்ளே நுழைவதுதான் அரிது. இந்த இடைவெளியைக் கடக்கவே 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் முயன்றது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பு இடங்களில் 25 விழுக்காட்டை அக்கம்பக்கத்திலுள்ள நலிந்த, ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டுமென அது விதித்தது.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 12இல் உச்ச நீதிமன்றம் இவ்விதியை ஏற்றது. ஆனால் உதவி பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு விலக்களித்தது. 2014ஆம் ஆண்டு மே 6இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, உதவி பெறுவனவாயினும் பெறாதனவாயினும் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டமே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சாசனத்தின் 30ஆம் பிரிவே அதற்கு அடிப்படை. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 1இல் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பின் சரித்தன்மையை ஐயுற்று, பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியது. ஆகவே, நீதிமன்றம் கேட்குமுன் நாமே நம்மைக் கேட்டுக்கொள்வது நலம்.

தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கிறிஸ்தவப் பள்ளிகளில் பயில்வோருள் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் கிறிஸ்தவரல்லாதார். சிறுபான்மையினர் பள்ளிகள் அனைத்தையும் சேர்த்து நோக்கின், நலிந்த நிலையினர் 8.76 விழுக்காடே. அவ்வறிக்கையின் நோக்கத்தை ஐயுறுவோர் நம்மிடையே உண்டு. அந்த ஐயம் எண்களுக்கு விடையாகாது. நான்கில் மூன்று இடங்களைப் பிறருக்கு அளித்தும் குன்றாத சிறுபான்மைத் தன்மை, நான்கில் ஓர் இடத்தை ஏழைக்கு அளித்தால் மட்டும் குன்றிவிடுமோ?

'நம் உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளிகளில் ஏழைகளே பயில்கின்றனர்' என்பது வழக்கமான மறுமொழி. அது உண்மையே, போற்றத்தக்கதுமாகும். ஆயினும் குறை அங்கேதான் வெளிப்படுகிறது. ஒரே திருச்சபையின் கீழ் வசதியுள்ளோருக்கு ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றும் ஏழைக்குத் தமிழ்வழிப் பள்ளி ஒன்றுமாக இரண்டை நடத்துவது, ஏழைக்குக் கல்வி தருகிறது. ஆனால் இரு பிள்ளைகளையும் ஒரே பலகையில் அமர்த்துவதில்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். 1837இல் ஸ்காட்லாந்து மிஷனெரி ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளியே பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. தொடங்கிய மறு ஆண்டே அங்குத் தாழ்த்தப்பட்ட சமூகத்துச் சிறுவர் சிலர் சேர்க்கப்பட்டபோது, அவர்களை விலக்குக, அன்றேல் தனிப் பலகையிலேனும் அமர்த்துக என்று மேல்சாதியார் வற்புறுத்தினர். ஆண்டர்சன் இசையவில்லை. மாணவர் பலர் வெளியேறினர்; பள்ளி அதனால் அழிந்துவிடவில்லை. அன்று மறுக்கப்பட்ட தனிப் பலகை இன்று தனி வளாகமாக நம்மாலேயே எழுப்பப்பட்டுள்ளதோ என்பதை நாம் ஆராய வேண்டும்.

30ஆம் பிரிவின் உரிமையைத் துறந்துவிடுக என்று நாம் கூறவில்லை. அரசின் தலையீட்டை எதிர்க்கும் அரணாக அது தேவை. ஆனால் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில், தமக்குள்ள உரிமையை முதலில் நிலைநாட்டி, பின்னர் நற்செய்தியின் பொருட்டு அதைப் பயன்படுத்தாது விட்டதைக் கூறுகிறார். நம் பேராயங்களும் அவ்வாறே செய்யலாம். கட்டணப் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நான்கில் ஓர் இடத்தைத் தாமாகவே அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு அளிக்கலாம். அரசு ஈடுசெய்யாத செலவை வசதியுள்ளோரின் கட்டணத்தாலும் சபைகளின் காணிக்கையாலும் தாங்கலாம். சீருடை, நூல், சுற்றுலா என்னும் பெயர்களில் பின்வாசல் கட்டணம் கேளாதிருக்கலாம். அப்பிள்ளைகளைத் தனிப் பிரிவாக ஒதுக்காமல், வீட்டில் ஆங்கிலம் கேளாத பிள்ளைக்கு ஆசிரியர் கூடுதல் நேரம் அளிக்கலாம். சேர்க்கைக்குப் பின் வகுப்பறைக்குள் நடப்பதே நீதியின் உண்மையான சோதனை.

நம் பழைய திருப்புதல் அயலானைப் 'பிறன்' என்றே குறிக்கிறது. சட்டமோ அக்கம்பக்கம் என்று தூரத்தை அளக்கிறது. கால்வாய்க் கரைப் பிள்ளை தூரத்தால் நமக்கு அயல், வாழ்க்கையால் பிறன். தன் பிறன் யாரென்று நியாயசாஸ்திரி இயேசுவை வினவியது தன் கடமைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளவே. 2014இன் தீர்ப்பை நாமும் அவ்வாறே பயன்படுத்தியிருப்பின், பெரிய அமர்வு எவ்வாறு தீர்ப்பளிப்பினும், அவ்வுவமையில் விலகிச் சென்றோரின் வரிசையிலேயே நாம் நிற்போம்.