வராத வட்டியைக் கழிக்கும் சட்டம்

பிரிட்டனில் வருமானம் குறைந்தவர்களுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் அரசு தரும் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட்டை வாங்குகிறவர்களின் கணக்குகளை வங்கிகளே துழாவி, வரம்பை மீறிய சேமிப்பு இருப்பதுபோல் தெரிந்தால் அரசுக்குத் தகவல் சொல்ல வகைசெய்யும் மசோதா 2025 சனவரியில் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதையொட்டி எழுந்த வாதங்கள் பெரும்பாலும் அந்தரங்க உரிமையைச் சுற்றியே நடந்தன. உதவித்தொகை வாங்குகிறார் என்பதற்காக ஒருவருடைய கணக்கை அரசு எட்டிப் பார்க்கலாமா என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் அப்படிப் பார்த்துப் பிடிக்கப்போகும் அந்த வரம்பு எவ்வளவு நேர்மையானது என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றுவிட்டது. சேமிப்பு 6,000 பவுண்டைத் தாண்டினால் உதவி குறையும், 16,000 பவுண்டைத் தாண்டினால் நின்றுவிடும். இந்த இரண்டு எண்களையும் ஏதோ இயற்கை விதி போலப் பலரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவற்றை ஆதரிப்பவர்களின் வாதமும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: கையில் பணம் இருப்பவர் முதலில் அதைச் செலவழிக்கட்டும், பிறகு பொதுப்பணத்திடம் வரட்டும்.

அந்த வரியில் உண்மை இல்லாமல் இல்லை. பொதுப்பணத்துக்கு எல்லை உண்டு. வங்கியில் லட்சக்கணக்கான பவுண்டு வைத்திருப்பவருக்கு வாடகை உதவி தர, கடையில் குறைந்தபட்சக் கூலிக்கு நிற்பவரிடம் வரி வாங்குவது முறையல்ல. 6,000 பவுண்டு வரை கண்டுகொள்ளாமல் விடுவதும் நல்ல ஏற்பாடே. குடியிருக்கும் வீடும் சொந்த உபயோகப் பொருட்களும் கணக்கில் வருவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் சொத்து கணக்கில் வரும் என்றாலும், அங்குள்ள வீட்டில் ஓய்வூதிய வயதை எட்டிய பெற்றோர் குடியிருந்தால் அது விலக்கப்படும். லண்டனில் வாழும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், வயதான அம்மா இருக்கும் ஊர் வீட்டைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. வெறுமனே கிடக்கும் காணியைப் பற்றித்தான் அஞ்ச வேண்டும். இவையெல்லாம் யோசித்து எழுதப்பட்ட விதிகள். சேமிப்புக்கு ஒரு சோதனை இருப்பதை நான் எதிர்க்கவில்லை.

நான் நெடுநாளாக எதிர்த்து வருவது 6,000-க்கும் 16,000-க்கும் இடையில் நடக்கும் கணக்கை. அந்த இடைவெளியில் இருக்கும் ஒவ்வொரு 250 பவுண்டும், அதில் ஒரு பகுதி இருந்தாலும், மாதம் 4.35 பவுண்டு வருமானம் ஈட்டுவதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்தத் தொகை உதவியிலிருந்து கழிகிறது. மாதத்துக்கு 4.35 என்று கேட்கும்போது சில்லறையாகத் தோன்றும். ஆண்டுக்குப் பெருக்கினால் 52.20. அதாவது 250 பவுண்டுக்கு 20.88 விழுக்காடு.

கிட்டத்தட்ட 21 விழுக்காடு வட்டி தரும் சேமிப்புக் கணக்கு பிரிட்டனில் எந்த வங்கியிலும் கிடையாது. 2009 மார்ச்சிலிருந்து 2016 ஆகஸ்ட் வரை இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி விகிதம் 0.5 விழுக்காடு. 2020 மார்ச்சிலிருந்து 2021 டிசம்பர் வரை 0.1. பின்னர் ஏறி 2023 ஆகஸ்டில் தொட்ட உச்சம் 5.25. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் ஏழையின் சேமிப்பு மட்டும் அரசாங்கக் கணக்கில் அதே 21-இல் காய்த்துக்கொண்டிருந்தது. 250-க்கு வாரம் ஒரு பவுண்டு என்ற இந்த வாய்ப்பாடு 1988-இல் வருமான உதவித் திட்டத்தோடு வந்தது. அடிப்படை வட்டி 15 விழுக்காட்டைத் தொட்ட 1989-இலும் அது உண்மை வட்டியைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஆகவே ஒருகாலத்தில் பொருந்தி இன்று காலாவதியான விதி என்று இதை மன்னிக்க முடியாது. பிறந்த நாள் முதலே பொருந்தாத விதி இது.

வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தம்பதியை எண்ணிப் பாருங்கள். வீடு வாங்க முன்பணமாக 12,000 பவுண்டு சேர்த்திருக்கிறார்கள். 6,000-க்கு மேற்பட்டது 250 பவுண்டு வீதம் 24 கூறு, மாதம் 104.40, ஆண்டுக்கு 1,252.80 பவுண்டு கழிகிறது. 4 விழுக்காடு தரும் கணக்கில் போட்டிருந்தால் முழுத் தொகைக்கும் ஆண்டு வட்டி 480. வந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் பறிபோகிறது. இந்த வரம்புகள் தனி ஆளுக்கும் தம்பதிக்கும் ஒன்றே என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தனித்தனியே ஆளுக்கு 6,000 வைத்திருந்தபோது ஒரு பென்னிகூடக் கழிக்கப்படாதவர்கள், ஒரே கூரையின் கீழ் வந்ததும் இந்த 104.40-ஐ இழக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைவிடக் கொடியது. வேலை செய்து ஒரு பவுண்டு சம்பாதித்தால் யூனிவர்சல் கிரெடிட்டில் 55 பென்ஸ் குறையும். பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் உடல்நலக் குறைவால் முழுதாக வேலை செய்ய முடியாதவர்களுக்கும் ஒரு தொகை வரை அதுவும் குறையாது. ஆனால் சேமிப்பிலிருந்து வருவதாகக் கற்பித்துக்கொள்ளும் வருமானம் பவுண்டுக்குப் பவுண்டு கழிகிறது. உண்மையாகக் கைக்கு வந்த பணத்தில் பாதிக்குச் சற்று மேல் போகிறது, வராத பணத்தில் முழுவதும் போகிறது. உழைப்பை ஊக்குவிக்கவே இந்தத் திட்டம் என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்தவர்கள், அந்த உழைப்பில் மிஞ்சியதை எடுத்து வைத்தவருக்கு இதைத்தான் செய்கிறார்கள்.

அதிகாரிகளிடமிருந்து இதற்கு ஒரு பதில் உண்டு, அது பழைய பதில். இது வட்டி விகிதமே அல்ல என்பார்கள். சேமிப்பு வைத்திருப்பவர் தம் செலவுக்கு அதிலிருந்து எவ்வளவு எடுத்துப் போடலாம் என்பதற்கு இது ஓர் எளிய அளவுகோல். சேமிப்பு கரையக் கரையக் கழிவும் குறையும். 6,000-க்கு வந்ததும் நின்றுவிடும். ஆதரவாளர்களின் வாதங்களில் இதுதான் வலுவானது. ஆகவே இதையே முழுதாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

சேமிப்பைக் கரைக்கச் சொல்வதுதான் நோக்கம் என்றால், எந்த வேகத்தில் கரைக்க வேண்டும் என்பதற்கு ஒரு நியாயம் இருக்க வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர், வாடகை எவ்வளவு, நோயாளி இருக்கிறாரா, பணம் எதற்காகச் சேர்ந்தது என எதையும் இந்த விகிதம் கேட்பதில்லை. கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்ததும், கொதிகலன் பழுதானால் என்று வைத்ததும், இறந்தவர் விட்டுப்போனதும் அதற்கு ஒன்றே. சரி, அரசு விரும்புகிறதே என்று ஒருவர் கரைக்கத் தொடங்கினால் அடுத்த விதி காத்திருக்கிறது. உதவி பெறும் நோக்கத்தோடு பணத்தை இழந்தார் என்று அதிகாரி கருதினால், செலவான பணம் இன்னும் கையில் இருப்பதாகவே கணக்கிடலாம். கடனை அடைத்தால் குற்றமில்லை. சூழ்நிலைக்கு ஏற்ற நியாயமான பொருளோ சேவையோ வாங்கினால் குற்றமில்லை. எது நியாயமானது என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் தீர்ப்பு. மகளின் திருமணத்துக்கு 5,000 செலவழித்தால்? அண்ணனின் வைத்தியத்துக்கு ஊருக்கு அனுப்பினால்? மெதுவாகக் கரைத்தால் மாதா மாதம் கழிவு, விரைவாகக் கரைத்தால் விசாரணை. இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான வேகம் எது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

எளிமையான அளவுகோல் என்ற வாதத்தை உடைப்பதற்கு அரசின் இன்னொரு திட்டமே போதும். ஓய்வூதிய வயதைக் கடந்த ஏழைகளுக்கான பென்ஷன் கிரெடிட்டில் முதல் 10,000 பவுண்டு கணக்கில் வராது. அதற்கு மேல் 500-க்கு வாரம் ஒரு பவுண்டு. மேல்வரம்பே கிடையாது. மேலே சொன்ன அதே 12,000 பவுண்டை ஒரு முதியவர் வைத்திருந்தால் ஆண்டுக்கு அவர் இழப்பது 208 பவுண்டு. பிள்ளை வளர்க்கும் தம்பதி இழப்பது 1,252.80. ஆறு மடங்கு. முதியவரிடம் 20,000 இருந்தாலும் கதவு திறந்தே இருக்கிறது. வாரம் 20 பவுண்டு குறையும், அவ்வளவுதான். இளையவரிடம் 16,000-க்கு மேல் ஒரு பவுண்டு இருந்தால் வாடகை உதவி, பிள்ளைகளுக்கான தொகை எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். 2026 செப்டம்பரிலிருந்து இங்கிலாந்தில் யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி உணவு என்று அரசு அறிவித்திருக்கிறது. அந்த ஒரு பவுண்டு அதையும் கொண்டுபோகும். முதியோரிடம் பரிவு கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு எழுத முடிந்த விதியை இவர்களுக்கு எழுத முடியாது என்று யாரும் நம்மிடம் சொல்லக் கூடாது.

முதியோர் இனிச் சம்பாதிக்க முடியாதவர்கள், இளையோர் மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மறுமொழி வரக்கூடும். மீண்டும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதுதானே கேள்வி! 21 விழுக்காடு மறுபடியும் வந்து நிற்கும். இந்த விதியின் கீழ் வாழும் ஒரு வாடகைக் குடும்பம், உதவி பெற்றுக்கொண்டே லண்டனில் வீட்டு முன்பணம் சேர்ப்பது நடக்காத காரியம். அவர்கள் ஏழைகளாக இருப்பதற்கு உதவுகிறோம், ஏழைகளாக இல்லாமல் போவதற்கு அல்ல என்று எழுதி வைத்ததற்கு இது சமம்.

அரசின் ஒரு கை இப்படிப் பறிக்க, மறுகை சேமிக்கச் சொல்லித் தட்டிக்கொடுக்கிறது. 'ஹெல்ப் டு சேவ்' என்ற திட்டத்தில் குறைந்த வருமானக்காரர்கள் மாதம் 50 பவுண்டு வரை நான்கு ஆண்டு போட்டால் 50 விழுக்காடு ஊக்கத்தொகை கிடைக்கும். அதில் சேரக்கூடிய முழுத்தொகை 3,600. கீழ்வரம்புக்குள் அடங்கிவிடும் என்பதால் முரண்பாடு இல்லை என்பார்கள். முதல் வீடு வாங்கவும் முதுமைக்கும் உதவும் 'லைஃப்டைம் ஐசா'வில் அப்படிச் சொல்ல வழியில்லை. அதில் ஆண்டுக்கு 4,000 போட்டால் அரசு 1,000 சேர்க்கிறது. குடும்பத்தில் வேலை போய் யூனிவர்சல் கிரெடிட் கேட்டு வந்தால் அந்தக் கணக்கும் சேமிப்பாக எண்ணப்படுகிறது. அதை எடுத்துச் செலவழிக்கலாம் என்று பார்த்தால், 5,000-இல் 25 விழுக்காடு அபராதமாகப் போய்க் கையில் 3,750 வரும். போட்டதைவிட 250 குறைவு. அதே பணம் ஓய்வூதிய நிதியில் கிடந்திருந்தால் வேலைசெய்யும் வயதில் அது எவ்வளவு பெரிதானாலும் சட்டத்தின் கண்ணில் படாது. 10 லட்சம் பவுண்டு பெறுமான வீட்டில் குடியிருந்தால் அந்த வீடும் படாது. எவ்வளவு செல்வம் என்பதை இந்தச் சோதனை அளக்கவில்லை. வீடில்லாதவர், நல்ல கம்பெனி ஓய்வூதியம் இல்லாதவர், பணத்தை எந்த வடிவில் வைத்திருப்பாரோ அந்த ஒரு வடிவத்தைத்தான் தேடிப் பிடிக்கிறது.

சோதனையே இல்லாவிட்டால் கஜானா காலியாகும் என்ற அச்சத்துக்கும் பிரிட்டனின் சொந்த அனுபவமே விடை. யூனிவர்சல் கிரெடிட்டுக்கு முன்னோடியாக 2003-இலிருந்து 2025 ஏப்ரல் வரை நடந்த டாக்ஸ் கிரெடிட் என்ற உதவித் திட்டங்களில் சேமிப்புக்கு வரம்பே இருக்கவில்லை. சேமிப்பிலிருந்து உண்மையாக வந்த வருமானத்தை, அதுவும் ஒரு சிறு தொகைக்கு மேற்பட்டதை மட்டுமே எண்ணினார்கள். 22 ஆண்டுகள் லட்சக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் உதவி பெற்றன. உண்மை வருமானத்தைக் கணக்கிடும் ஆற்றல் அரசுக்கு இருந்தது. இப்போது வங்கிகளின் தரவையே கேட்டு வாங்கப்போகிற அரசுக்கு அது கூடுதலாகவே இருக்கும். யாருடைய கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முடிகிறவர்களால், அது ஈட்டிய வட்டி எவ்வளவு என்றும் பார்க்க முடியும்.

16,000 என்ற மேல்வரம்பு வாடகை உதவிக்கு 1990-இலிருந்தும், வேலையில்லாதோர் உதவி போன்றவற்றுக்கு 2006-இலிருந்தும் அசையாமல் நிற்கிறது. 2006-க்குப் பிறகு மட்டும் விலைவாசி பாதிக்கும் மேல் கூடியிருக்கிறது. வரம்பை உயர்த்த வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள், நானும் கேட்பேன். ஆனால் விகிதத்தைத் தொடாமல் வரம்பை மட்டும் உயர்த்தினால் 21 விழுக்காட்டின் பிடி இன்னும் நீண்ட தூரத்துக்குப் பரவும். முதலில் மாற வேண்டியது அந்த 4.35. பென்ஷன் கிரெடிட்டின் வாய்ப்பாட்டை, அதன் 10,000 பவுண்டு விலக்கோடும் மேல்வரம்பின்மையோடும், வேலைசெய்யும் வயதினருக்கும் நீட்டிக்கலாம். அதுவும் 10.4 விழுக்காடுதான், உண்மை வட்டியைப்போல் இரு மடங்குக்கு மேல். ஆனால் பாதியாவது குறையும். அதைவிட நேர்மையானது, வங்கி தந்த வட்டியை அப்படியே எடுத்துக்கொள்வது.

இதற்கு அவகாசமும் அதிகம் இல்லை. டாக்ஸ் கிரெடிட்டிலிருந்து அரசின் அறிவிப்பின்படி யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாற்றப்பட்டவர்களில் 16,000-க்கு மேல் சேமித்தவர்களுக்கு 12 மாதச் சலுகை தரப்பட்டது. கடைசியாக மாறியவர்களுக்கு அது 2026-இல் முடிகிறது. பழைய திட்டத்தின் எந்த விதியையும் மீறாமல், 22 ஆண்டுக் காலம் அனுமதிக்கப்பட்டபடியே சேர்த்த குடும்பங்கள் அவை. சலுகை முடியும் மாதத்தில் அவற்றில் ஒவ்வொன்றும் சேமிப்பை உடைப்பதா உதவியை விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும்.