அளவைகள் பத்து, வேடம் ஒன்று

மணிமேகலையின் 27ஆம் காதையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை. காட்சி, கருதல், உவமம், ஆகமம் என வைதிகவாதி அடுக்கும் அளவைகளைக் கரும்பலகையில் எழுதுவேன். வியாசருக்கு 10, கிருதகோடிக்கு 8, சைமினிக்கு 6. தேர்வுக்கு உறுதியான கேள்வி. ஓராண்டு பின்வரிசை மாணவி கேட்டாள்: "இதைக் கேக்கறதுக்கு அவ ஏன் மேடம் ஆம்பள வேஷம் போட்டா?"

விடை முந்தைய காதையில் இருக்கிறது. வஞ்சிக் கோயிலில் கண்ணகியே எச்சரிக்கிறாள்: இளம்பெண் என்று தெரிந்தால் யாரும் உனக்குத் தம் தத்துவத்தைச் சொல்லமாட்டார்கள், உருவத்தை மாற்றிக்கொண்டு போ. எது அறிவு என்று பத்து வகையாக அளந்தவர்கள், யாருக்கு அறிவு என்பதைக் கைவளையைப் பார்த்தே முடிவு செய்தார்கள்.

மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் வெளியிட்ட நூலில் இத்தகையதை அறிவுசார் அநீதி என்றார். பேசுபவர் இன்னார் என்பதாலேயே அவர் சொல்லின் மதிப்பைக் குறைப்பது அதில் ஒரு வகை. சாத்தனார் காட்டுவது அதற்கும் முந்தைய நிலை. இங்கே கேள்வி கேட்கவே வேடம் வேண்டும்.

என் வாய்மொழித் தேர்வு நினைவுக்கு வருகிறது. என் ஆய்வேட்டைப் பற்றிய கேள்விகளைத் தேர்வாளர் என் நெறியாளரைப் பார்த்தே கேட்டார். விடை சொன்னது நான். அவர் தலையசைத்த பிறகே அது குறிக்கப்பட்டது. மணிமேகலைக்கு உருமாறும் மந்திரம் தெரியும். எனக்குத் தெரியாது.

காதையின் இறுதியில் பூதவாதி வருகிறான். காட்சி ஒன்றே அளவை, கருதல் செல்லாது என்கிறான். முற்பிறப்பை அறிந்த மணிமேகலை சிரிக்கிறாள். அதெல்லாம் மயக்கம், கனவு என்று அவன் தள்ளுகிறான். உன் தாய்தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று அவள் மடக்குகிறாள்.

இந்த இடத்தில் சாத்தனாரோடு எனக்கு ஒரு வழக்குண்டு. அவன் எதையும் அனுமானிக்கவில்லை. இவர்தான் உன் அப்பா என்று ஒரு பெண் சொன்னாள், அவன் நம்பினான். பெண்ணின் சொல்லை நம்பித் தொடங்கிய அறிவு, வளர்ந்த பிறகு பெண் வாய் திறந்தால் சான்று கேட்கிறது. ஐயம் இல்லாமல் அறிவு வளராதுதான். ஆனால் அந்த ஐயம் எப்போதும் ஒரு பக்கமே திரும்பினால் அதற்குத் தத்துவம் என்று பெயரில்லை.

29ஆம் காதையில் அறவண அடிகளிடம் அவள் சொல்கிறாள்: அந்த வேற்றுருவைப் போலவே அந்தச் சமயங்களையும் மனத்தில் வைக்கவில்லை.

இப்போது நான் பாடத்தை 26ஆம் காதையிலிருந்து தொடங்குகிறேன்.