சந்தி விளக்கும் அதனை வாசிப்போரும்

கவிதை, நாவல், நாடகம் என்பனவே விமர்சனத்துக்கு உரியன என்ற எண்ணம் கலைப்பீடச் சூழலில் இன்றும் வலுவாக உண்டு. எனினும், எழுத்தறியாதோர் உட்பட ஒரு நகரத்து மக்கள் அனைவரும் நாள்தோறும் வாசிக்கும் பிரதி ஒன்று உண்டெனில், அது வீதிச் சந்தியில் நிற்கும் சமிக்ஞை விளக்கேயாகும். நூலைப் பிழையாக வாசித்தவன் பரீட்சையிலே தோற்கலாம். இதனைப் பிழையாக வாசித்தவன் வீடு திரும்பாமற் போகலாம். அவ்வாறு நேருமிடத்துக் குற்றம் வாசித்தவன்மேற் சுமத்தப்படுவதே வழக்கம். எழுதிய முறையிற் குறையுண்டா என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

இவ்விளக்கின் பிறப்பை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். 1868 டிசெம்பரில் இலண்டன் மாநகரிற் பாராளுமன்றத்தின் அருகே ஜே. பி. நைற் என்னும் புகையிரதப் பொறியியலாளரின் திட்டப்படி முதலாவது சமிக்ஞைக் கம்பம் நாட்டப்பட்டது. பகலில் அது கைகளை நீட்டியும் தாழ்த்தியும் பேசிற்று; இரவிலே சிவப்பும் பச்சையுமான வாயுவிளக்குகளாற் பேசிற்று. அடுத்த மாதமே வாயு கசிந்து வெடித்ததில் அதனை இயக்கிய பொலிஸ்காரர் காயமுற்றார். முயற்சியும் கைவிடப்பட்டது. 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மின்விளக்காக அது மீண்டபோது கைகள் இல்லை. நிறங்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. வடிவமும் நிறமுமாக இருமொழி பேசிய ஒன்று, ஒருமொழி மட்டும் பேசுவதாயிற்று. இதனை வளர்ச்சி என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது.

சிவப்பு, பச்சை என்னும் இணை புகையிரதப் பாதையின் முதுசொம். அங்கே அது பொருந்தியமைக்கு ஒரு காரணம் உண்டு. 1875இல் சுவீடனின் லாகர்லுண்டாவில் நிகழ்ந்த புகையிரத விபத்தின் பின்னர், ஹொல்ம்கிறென் என்னும் உடற்றொழிலியலாளர் நிறமுள்ள கம்பளி நூல்களைக் கொண்டு ஊழியரின் நிறப்பார்வையைச் சோதிக்கும் முறையை வகுத்தார். புகையிரதப் பகுதி தன் வாசகரைத் தெரிந்தெடுத்துக்கொண்டது. வீதிக்கோ அவ்வுரிமை இல்லை. வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களிற் சுமார் 8 சதவீதத்தினருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதிற் குறைபாடு உண்டு. இவர்களுக்காகவே பச்சையொளியில் நீலச்சாயல் கலக்கப்படுகின்றது; நிலைக்குத்தாக அமைந்த விளக்குகளிற் சிவப்பு மேலே இருத்தல் வேண்டுமென 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையும் விதிக்கின்றது. (நியூயோர்க் மாநிலத்துச் சிராகியூஸ் நகரில் அயர்லாந்து வழியினர் வாழும் ஒரு சந்தியிற் பச்சையே மேலே இருப்பது வேறு கதை, பிரித்தானியச் சிவப்புத் தம் தேசியப் பச்சைக்கு மேலே நிற்பதை அவர்கள் பொறுக்கவில்லை.) கனடாவின் கியூபெக் மாகாணம் ஒருபடி மேலே சென்று, சிவப்பைச் சதுரமாகவும் மஞ்சளைச் சாய்சதுரமாகவும் பச்சையை வட்டமாகவும் அமைத்தது. இலண்டன் கம்பம் இழந்த வடிவமொழி இங்கே மீட்கப்பட்டது எனலாம். பிற நாடுகள் இதனைப் பரவலாகப் பின்பற்றாமை வியப்புக்குரியது.

இடத்தைக் கொண்டு நிறத்தை அறியும் முறையும் குறையற்றதன்று. இருளிற் பெட்டி தெரியாதபோது ஒற்றை ஒளி மேலே உள்ளதா கீழே உள்ளதா என எவ்வாறு அறிவது? விளக்கின் பின்னே கரும்பலகையும், அதன் ஓரத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் மஞ்சட் பட்டியும் பொருத்தும் முறை இவ்வினாவுக்கு எளிய விடையாகும். இத்தகைய பலகைகளால் நகரச் சந்திகளில் விபத்துகள் 15 சதவீதம் குறைந்ததாக அமெரிக்க நடுவண் நெடுஞ்சாலை நிர்வாகம் குறிப்பிடுகின்றது. எல்.ஈ.டி. விளக்குகளின் வருகை பிறிதொரு பாடம். பழைய குமிழ் விளக்கினுள் இருந்த தெறிப்பி, தாழ்ந்த சூரியனின் கதிரைத் திருப்பியனுப்பி, எரியாத விளக்கையும் எரிவதுபோற் காட்டும். இக்குறையைப் புதிய விளக்குப் பெரிதும் தணித்தது. ஆயின் அது போதிய வெப்பத்தை வெளிவிடாமையாற் பனிநாடுகளில் முகப்பின்மேற் படியும் பனி உருகாது நின்று ஒளியை மறைக்கலாயிற்று.

இவை யாவும் பார்வை பற்றியன. மஞ்சள் ஒளியின் குறையோ நேர்மை பற்றியது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காரொன்றைக் கொள்வோம். மஞ்சளைக் கண்டுணர ஒரு செக்கன் செல்லும். பின்னர் மிதமாகத் தடுப்பை அழுத்தி நிற்க, மொத்தம் ஏறத்தாழ 63 மீற்றர் வேண்டும். மஞ்சள் மூன்று செக்கன் மட்டும் எரியுமாயின், அதற்குள் அக்கார் 50 மீற்றரே செல்லும். 50க்கும் 63க்கும் இடையே அகப்பட்டவன் இயல்பாக நிற்கவும் முடியாது. சிவப்பு வருமுன் கோட்டை அடையவும் முடியாது. சட்டத்தை மதிப்பவனையே சட்டமீறலுக்குத் தள்ளும் இவ்விடைவெளியை 1960இல் ஜெனரல் மோட்டோர்ஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த காசிஸ், ஹேர்மன், மரதுடின் ஆகிய மூவரும் கணித வாயிலாக நிறுவினர். இதனை நீக்க வேண்டியது ஒரு செக்கனுக்கும் குறைவான கூடுதல் நேரமே. இருந்தும், அகப்பட்டவன் பொறுமையற்றவன் எனவே தூற்றப்படுகின்றான்.

அச்சூத்திரமும் நேரே செல்லும் வாகனத்தையே கருதிற்று. திரும்புவதற்காக வேகங்குறைக்கும் வாகனத்தை மறந்தது. ஒரிகன் மாநிலத்து மட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் இதனை எடுத்துக்காட்டியபோது, அநுமதிப்பத்திரமின்றிப் பொறியியற்றொழில் புரிந்தார் எனக் கூறி அம்மாநிலச் சபை அவருக்கு 500 டொலர் தண்டம் விதித்தது! வாசகன் பிரதியைக் குறைகூறினால் ஆசிரியர் சங்கம் தண்டிப்பது போன்றது இது. 2018 டிசெம்பரில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2020இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியியலாளர் நிறுவகம் வெளியிட்ட வழிகாட்டியில் அவர் சுட்டிய திருத்தம் இடம்பெற்றது.

வாகனமில்லாத வாசகனின் நிலை இன்னும் எளியது. அமெரிக்கக் கைந்நூல் பாதசாரி செக்கனுக்கு நான்கு அடி நடப்பான் என நெடுங்காலம் கொண்டிருந்து, 2009இல் அதனை மூன்றரை அடியாகக் குறைத்தது. நாற்பத்திரண்டு அடி அகலமுள்ள வீதியில் இதனாற் கிடைப்பது ஒன்றரைச் செக்கன். ஊன்றுகோலுடன் செக்கனுக்கு இரண்டரை அடி நடக்கும் முதியவரொருவர், அந்த ஒன்றரைச் செக்கனும் கழிந்தபின், இன்னும் பன்னிரண்டு அடி எஞ்சியிருக்க வீதியில் நிற்பார்.